சொக்கன் வயிற்றில் ஒரு விருந்தாளி

கண்ணாடித் தொட்டியில் வளர்ந்த சொக்கன் என்ற ஆமையின் குடலில் ஒரு புழு குடியேறியது.

"சாப்பிட்டியா கண்ணு? இன்னும் ரெண்டு வாய் கீரை எடுத்துக்கோ" என்று அது வேளாவேளைக்கு உபசரித்தது. தன்மேல் இவ்வளவு பாசமா என்று உருகிப்போய்ச் சொக்கன் தின்றான். தின்னத் தின்ன இளைத்தான். கடைசியில் தலையைத் தூக்கவும் தெம்பில்லை.

"அது உன்னையே தின்னுது அண்ணே!" என்றாள் பக்கத்துத் தொட்டி உடும்பு பவளம்.

"உனக்குப் பொறாமை" என்றான் சொக்கன்.

டாக்டர் வந்து வாயைப் பிளந்து புழு மருந்தை ஊற்றினார். அதோடு குரல் நின்றது. ஒரே மாதத்தில் சொக்கன் தேறிவிட்டான். முகம்தான் வாடிக் கிடந்தது.

"இன்னும் என்ன குறை அண்ணே?"

"வயிறு வெறிச்சுனு இருக்கு பவளம்" என்ற சொக்கன், குரலைத் தாழ்த்தினான். "உன் வயித்துல ரெண்டு பேர் இருந்தா, ஒருத்தரை இங்க அனுப்பேன்."