மூக்குப்பட்டை

"இன்னும் ஒரு ஓட்டை இறுக்கினால் சரிவரும், பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே விமலநாதன் குதிரையின் மூக்குப்பட்டையை இழுத்தார்.

மோரிட்ஸ் என்ற அந்தக் குதிரை ஒரே வீச்சாகத் தலையைத் தூக்கியது. அவருடைய மூக்குக்கண்ணாடி பறந்துபோய் வைக்கோலில் விழுந்தது.

அவர் அதை எடுக்கக் குனியவில்லை. குனிந்தால் அப்படியே அங்கேயே படுத்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

அதிகாலை முதல் பஸ்ஸை எடுத்து, வுப்பர்டால் நகரத்தின் ஏற்றம் இறக்கமெல்லாம் ஓடி முடித்து, சாரதி ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் நேரே இந்தக் குதிரை லாயத்துக்கு வந்திருந்தார்.

மகள் கம்சனாவுக்குப் பதினாறு வயது. சனி ஞாயிறுகளில் இங்கே சாணி அள்ளுவாள். கூலிக்குப் பதிலாக இந்தக் கிழட்டுக் குதிரையில் ஏறவிடுவார்கள்.

அதுவும் இப்போது இல்லை. கடிவாளத்தைக் கண்டாலே மோரிட்ஸ் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இன்றைக்கும் போடவிடாவிட்டால் யாரிடமாவது விற்றுவிடுவதாக லாயக்காரி சொல்லிவிட்டாள். கிழட்டுக் குதிரையை வாங்குகிறவன் இறைச்சிக்கல்லாமல் எதற்கு வாங்குவான் என்று கம்சனாவுக்குத் தெரியும்.

போட்டுப் பார்ப்பதற்காகக் கடையிலிருந்து மூன்று கடிவாளங்கள் வந்திருந்தன. முதலாவதில் நெற்றிப்பட்டை நீளம் காணாமல் கட்டை. காதடியை வெட்டியது. இரண்டாவதைத்தான் விமலநாதன் இறுக்கிக்கொண்டிருந்தார்.

கடிவாளத்தைப் பற்றி ஜெர்மனியில் வேறெந்தத் தமிழ் பஸ் சாரதிக்கும் இவ்வளவு தெரிந்திருக்காது. ஆறு கிழமையாக, ஒன்றரை மாதமாக, அவருக்குப் பாடம் நடக்கிறது.

பள்ளிக்கூடம் எட்டு மணிக்குத்தான். இவளோ முதல் பஸ்ஸிலேயே ஏறி, முன்னிருக்கையில் உட்கார்ந்து, அவரோடு இரண்டு சுற்று வருவாள். பள்ளிக்கூடமே இல்லாத சனிக்கிழமையும் வருவாள். சாரதியுடன் பேச வேண்டாம் என்ற அறிவிப்பு அவள் கண்ணுக்கு நேரே ஒட்டியிருக்கும். வாய் ஓயாது.

நெற்றிப்பட்டைக்குள் எத்தனை விரல் போகவேண்டும்? தொண்டைப்பட்டைக்குள் விரலா, கைமுட்டியா? சொல்லித் தந்துவிட்டுச் சும்மா விடவும் மாட்டாள். திருப்பிக் கேட்பாள்.

போய்ப் படு, ஏழு மணி பஸ்ஸில் வா என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டார். கேட்டால்தானே! பிள்ளைக்குக் குதிரைப் பைத்தியம் என்று விட்டுவிட்டார். இப்போதும் அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. கொட்டாவியை விழுங்கிக்கொண்டுதான் கடிவாளத்தைக் கழற்றினாள்.

மோரிட்ஸின் கபில நிற மூக்கெலும்பின் மேல் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை மயிர். பட்டை அழுத்திப் புண்ணாகிய இடத்தில் மயிர் அப்படித்தான் வெளுத்து முளைக்கும். அதுவும் பஸ்ஸில் படித்ததுதான்.

கம்சனா கண்ணாடியை எடுத்துத் துடைத்தாள். நீட்டும்போது அவர் முகத்தையே பார்த்தாள். அவருடைய மூக்கெலும்பிலும் குறுக்கே ஒரு கறுத்த தழும்பு இருந்தது.

கண்ணாடி பட்ட அடையாளம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவசரமாக வாங்கி மாட்டிக்கொண்டார்.

அடையாளம் கண்ணாடியுடையதல்ல. நித்திரையில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று ஆஸ்பத்திரியில் ஒரு மெஷினும் முகமூடியும் கொடுத்திருந்தார்கள். பஸ் ஓட்டுவதென்றால் இரவில் இது இல்லாமல் படுக்கவே கூடாது, பகலில் கண் சொருகிவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். காற்றுக் கசிகிறதென்று விமலநாதன் தானே வாரை இறுக்கினார். இன்னும் கசிந்தது, இன்னும் இறுக்கினார். மூக்குத் தோல் உரிந்ததும் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு சோபாவுக்குக் கீழே தள்ளிவிட்டார்.

வீட்டில் கேட்டால், ஓம், போடுறன் என்பார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவருக்கு வந்தும் தெரியவில்லை.

மூன்றாவது கடிவாளத்தில் மூக்குப்பட்டையே இல்லை. இது தலையில் நிற்குமா என்று விமலநாதனுக்குச் சந்தேகம்.

கம்சனா அதை மெதுவாக ஏற்றினாள். அகலமான, மெத்தென்ற தலைவார். காதுக்கு இடம் விட்டு வளைத்து வெட்டியிருந்தது. நெற்றிப்பட்டைக்குள் விரல் சிரமமில்லாமல் போய் வந்தது. இரண்டு கன்னவாரையும் சமமாக மாட்டி, வாயோரத்தில் சின்னச் சுருக்கம் விழுகிறதா என்று பார்த்தாள். தொண்டைப்பட்டைக்குள் கைமுட்டியை வைத்து அளந்து, கொளுவினாள்.

மோரிட்ஸ் தலையைத் தூக்கவில்லை.

வாயை இரண்டு தரம் மென்றது. நீளமாக ஒரு மூச்சு விட்டது. பிறகு தலையைத் தாழ்த்தி, நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டது.

விமலநாதனுக்கு அந்தக் குதிரையின் மேல் பொறாமையாக இருந்தது.

கம்சனா அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே, அவரைப் பார்க்காமல் சொன்னாள்: "அளவு சரியெண்டால் இறுக்கத் தேவையில்லையப்பா. மூக்கெலும்பில படாத முகமூடியும் இருக்காம், வியாழக்கிழமைக்கு ஆஸ்பத்திரியில டெர்மின் எடுத்திருக்கிறன். உங்கட மெஷினில போட்ட நேரம் ஆறு கிழமையாப் பூச்சியம் எண்டு காட்டுது."

ஆறு கிழமை.

பஸ்ஸில் பாடம் தொடங்கியும் அவ்வளவுதான்.

காலையில் மேட்டிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கும் அந்த நீண்ட தெரு ஞாபகம் வந்தது. பின்னால் வேலைக்குப் போகும் சனம் தூங்கி வழியும். ஹீட்டர் காற்று இதமாக முகத்தில் அடிக்கும்.

கம்சனா கேள்வி கேட்பது எப்போதும் அந்த இறக்கத்தில்தான். அவர் பதில் சொல்லும்வரை, திரும்பத் திரும்ப, சத்தமாக.