நிறைந்த அரங்கு

“பீரங்கிக்கு அள்ளிக் குடுக்கிற அரசாங்கம் நாடகத்துக்குக் கிள்ளிக்கூடக் குடுக்கல. இன்னியோட கடையைக் கட்டிட வேண்டியதுதான்” என்று மனைவியிடம் புலம்பிவிட்டு மேடையேறினார் நடிகர்.

அதிசயமாக அரங்கு நிரம்பி வழிந்தது. சிப்பாய்களைத் தண்டச்சோறு என்று அவர் நக்கலடித்தபோதெல்லாம் கைதட்டல் காதைப் பிளந்தது.

நாடகம் முடிந்ததும் முன்வரிசை இளைஞன் ஒருவன் ஒப்பனை அறைக்கு வந்தான்.

“வயிறு வலிக்கச் சிரிச்சோம்ணே! மானியம் இல்லாம நாடகத்த நிறுத்தப் போறீங்கன்னு கேள்விப்பட்டோம். எங்க கம்பெனியே டிக்கெட் வாங்கிட்டு வந்துருச்சு.”

“நல்லா இருங்க தம்பி! எந்தக் கம்பெனி?”

“காலாட்படைக் கம்பெனிண்ணே. விடிஞ்சா எல்லைக்குக் கிளம்புறோம், அங்க சண்டை. திரும்பி வர்றப்போ நீங்க நடிச்சுக்கிட்டு இருக்கணும்.”

அவன் நீட்டிய கையை நடிகர் பற்றிக்கொண்டார். முகத்தைப் பார்க்கத்தான் கூசியது.