சூடான எஞ்சின், குளிர்ந்த முள்

கையை வைத்தால் சுடுகிறது. டேஷ்போர்டு முள் மட்டும் குளிர் என்கிறது.

அவன் பானெட்டுக்குள் குனிந்தபடியே நின்றான். ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களும் கொதித்தன. காருக்குள் வருவதோ பேருக்கு ஒரு காற்று.

நேற்று மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை மாற்றிவிட்டு, "இனி ஊட்டியே வேர்க்கும்" என்று சொல்லிப் போனார்.

ஊட்டி வேர்க்கவில்லை.

நாளை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து மகளை அழைத்து வர வேண்டும். ஏழாம் மாதமே அவசரப்பட்டுப் பிறந்தவள். நாற்பத்திரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்து, இப்போதுதான் ஒரு கிலோ எண்ணூறு. குளிர் மட்டும் படக் கூடாது என்று நர்ஸ் இரண்டு முறை சொல்லியிருந்தார்.

எஞ்சின், முள். இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது.

அத்தனை கவலையிலும் அது எது என்று பார்க்க அவனுக்கு ஆசையாக இருந்தது.

எஞ்சின் சூட்டை அளந்து சொல்லும் சென்சார் விரல் நுனி அளவுதான். அது 'குளிர்' என்றால், எஞ்சின் முதலில் சூடாகட்டும் என்று ஹீட்டர் காற்றை அடக்கி வைக்கும். அதில் செருகியிருந்த பிளக்கை லேசாக ஆட்டினான்.

காருக்குள் காற்று குபுகுபுவென்று ஊதியது.

விட்டான். அடங்கியது.

எஞ்சினை அணைத்துப் பிளக்கைக் கழற்றினான். கம்பிகளுக்கு நடுவே மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டு போனான்.

சந்தனம்.

சிரித்துவிட்டான். ஆயுத பூஜையன்று மனைவி பிரமிளா, ஐந்து மாத வயிற்றோடு, சந்தனக் கிண்ணமும் கையுமாக வந்தாள். சக்கரம், ஸ்டீயரிங் எல்லாம் முடித்து, பானெட்டையும் திறக்கச் சொல்லி, கண்ணில் பட்டதற்கெல்லாம் பொட்டு வைத்தாள். பிளக்கின் ரப்பர் கிழிந்திருந்த வழியே அது இறங்கியிருக்கிறது.

பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து எடுத்தான். திரும்ப மாட்டி எஞ்சினைக் கிளப்பினான்.

முள் மளமளவென்று நடுவுக்கு வந்தது. கண்ணாடியில் படிந்திருந்த பனி இறங்கி ஓடியது. அவன் இரண்டு கைகளையும் சூட்டில் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மனது நிறைந்திருந்தது.

போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பிரமிளா.

மகள் பிறந்த நாளிலிருந்து தினம் ஒரு குற்றத்தைத் தன்மேல் கண்டுபிடித்துக்கொண்டிருப்பவள். மாடிப்படி ஏறியது. தண்ணீர்க் குடம் தூக்கியது. என்றோ தின்ற ஒரு துண்டு பப்பாளி.

"ஹீட்டர் சரியாயிடுச்சுங்களா? என்னவாம்?"

நகத்தில் ஒட்டியிருந்த சந்தனத்தை அவன் பார்த்தான்.

"எலி," என்றான். "வயரக் கடிச்சு வெச்சிருக்கு."

"நாசமாப் போற எலி!"

தன்னைத் தவிர வேறொன்றை அவள் திட்டி, இத்தனை நாளில் அவன் கேட்டது அதுதான் முதல் முறை.