விசில் ஊதக் கூடாது

"ஒங்க கோஷ்டில ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவங்க யார் யாருங்க, சம்மந்தி?"

கன்னத்தில் சிவப்பு பூசிக்கொண்டிருந்த சந்திரமோகனின் விரல் அப்படியே நின்றது. கண்ணாடியில் பார்த்தார். பின்னால், சம்பந்தியாகப் போகிற முள்ளிப்பட்டு சிவப்பிரகாசம், வேஷம் கட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு முகத்தையும் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத யாரும் கேக்கக் கூடாது, யாரும் சொல்லக் கூடாதுங்க," என்று குறுக்கே வந்தாள் உதயா. சேவூரில் அந்தக் கூத்துக் குழுவை நடத்துகிறவள். "பாதிப் பேரு தறிக்காரங்க, பாதிப் பேரு தண்டன முடிஞ்சி வந்தவங்க. வேஷம் கட்டிட்டா எல்லாரும் ஒண்ணுதான்."

"சும்மா தெரிஞ்சிக்கலாம்னுதான்..." சிவப்பிரகாசம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க துபாய்ல இருந்தீங்க, நான் ஒம்போது வருஷம் சூரத்து மில்லுல கெடந்தேன். கோர்ட்டு, கேசுன்னா நமக்கு ஆவாது. சுகன்யா எங்க வூட்டுக்கு வரப்போற பொண்ணு பாருங்க."

அவர் வெளியே போனதும் சந்திரமோகன் பூச்சுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். வெள்ளிக்கிழமை மகளுக்கு நிச்சயதார்த்தம். துபாயாவது மண்ணாவது! விமானத்தை அவர் அண்ணாந்துதான் பார்த்திருக்கிறார். ஓர் அடிதடியில் போன உயிருக்காக எட்டு வருஷம் உள்ளே இருந்தவர். வெளியே வந்து, நாலு பேரிடம் பேசவே பயந்து கிடந்தவரை வாய்விட்டுப் பாட வைத்தது இந்தக் கூத்துதான்.

"நான் ஆடலம்மா. அந்தாளு மோப்பம் புடிச்சிகினு கீறாரு. மொத ஒத்திகையில ஆனது ஞாபகம் கீதில்ல?"

மறக்குமா? அன்றைக்கு யாரோ விளையாட்டாக விசில் ஊத, சந்திரமோகனும் இன்னும் நாலு பேரும் சட்டென்று தரையில் குந்தித் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஜெயிலில் காலையும் மாலையும் தலை எண்ணும்போது பழகிய உடம்பு. புத்தி சொல்லுமுன் முழங்கால் மடங்கிவிடுகிறது. அன்றோடு குழுவில் விசிலுக்குத் தடை.

"இங்க எவன் விசில் ஊதப்போறான்? பேஜார் பண்ணாம ஜல்தியா கிரீடத்த வைங்க," என்றாள் உதயா.

வெயில் தாழ்ந்ததும் கூத்து தொடங்கியது. துரியோதனனாகச் சந்திரமோகன் சுழன்று சுழன்று ஆடினார். பாட்டு நன்றாக எடுபட்டது. முன் வரிசையில் சிவப்பிரகாசம்கூடக் கைதட்டினார். பயம் மெல்ல விட்டது. சிம்மாசனத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து மீசையை முறுக்கினார்.

அந்த நேரம் பார்த்து, பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர், மேடையில் ஏறிய பிள்ளைகளை விரட்ட நீளமாக ஒரு விசில் ஊதினார்.

துரியோதனன் சிம்மாசனத்திலிருந்து இறங்கித் தரையில் குந்திவிட்டார். கிரீடம் உருண்டது. இதுவும் கூத்துதான் என்று நினைத்துக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

போச்சு. மகளின் கல்யாணம் போச்சு. சந்திரமோகன் அழுகையை அடக்கிக்கொண்டு, சம்பந்தியின் முகத்தைப் பார்க்க மெல்ல நிமிர்ந்தார்.

முன் வரிசையில் அந்த நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு முன்னால், வெள்ளை வேட்டி மண்ணில் புரள, தலையைக் குனிந்து குந்தியிருந்தார் சிவப்பிரகாசம்.