தேறிய தெரு

அழகில் தேறிய தெருக்களுக்குத்தான் அந்த வாரம் குழாயில் தண்ணீர் வரும். அதனால் ஜெசிந்தா அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு தெருவைக் கூட்டி, சுவர்களுக்கு வெள்ளையடித்து, வாசல்தோறும் செவ்வந்தித் தொட்டி வைத்திருந்தாள். மதிப்பெண் போடும் வண்டி கேமராவைத் திருப்பிக்கொண்டே தெருமுனைவரை போய் நின்றது. ‘தேறவில்லை’ என்று வண்டியின் திரையில் வந்தது. குறை இருந்த இடத்தை ஒரு சிவப்பு வட்டம் காட்டியது.

வட்டத்துக்குள் இருந்தது அவள் கணவன் அந்தோணிராஜ். பக்கவாதம் வந்து வாய் கோணிய பிறகு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்ப்பது ஒன்றுதான் அவனுக்கு மிச்சமிருந்த சந்தோஷம்.

“அவரு மனுசன். குப்பை இல்ல” என்று ஜெசிந்தா வண்டியிடம் சொன்னாள். வண்டிக்குள் ஆள் இல்லை. காலிக் குடங்களோடு நின்ற பெண்கள் குழாயைப் பார்த்தார்கள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“என்னைய உள்ள கொண்டு போயிரு, ஜெசி” என்றான் அந்தோணிராஜ், நாக்குக் குழற.

அவள் நாற்காலியை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். வெளியே வண்டி மறுபடி ஒருமுறை தெருவைச் சுற்றி வந்தது. கைதட்டினார்கள். பிறகு குடங்கள் உரசும் சத்தம் கேட்டது.

“தண்ணி வந்துருச்சா?” என்று இருட்டில் அவன் கேட்டான்.

“வந்துருச்சுங்க.”

தாழ்ப்பாளில் வைத்த கையை அவளால் எடுக்க முடியவில்லை.