முதலாளியம்மாவைக் கேட்டுச் சொல்றேன்

"ஒரு நிமிஷம் இருங்க மேட்ரனம்மா. முதலாளியம்மாவைக் கேட்டுட்டு வந்துடறேன்."

கழுத்தில் அளவு நாடா தொங்க, தையல்காரப் பெண் நீலத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். மேட்ரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இது மூன்றாவது தடவை. எந்தத் துணி நல்லது என்று கேட்டபோது ஒருமுறை, கூலி எவ்வளவு என்று கேட்டபோது ஒருமுறை. இப்போது, பத்தாம் தேதிக்குள் முடியுமா என்று கேட்டதற்கு.

நர்சிங் பள்ளி விடுதியின் பொறுப்பாளர் அவர். நூற்றிருபது மாணவிகளுக்கு வெள்ளைக் கோட்டு தைக்க வேண்டும். சரியாக அமைந்துவிட்டால் வருஷா வருஷம் இதே கடைக்குத்தான். கிழிசல் தைப்பதிலும் இடுப்பளவைப் பிடித்துக் கொடுப்பதிலும் காலம் தள்ளிக்கொண்டிருந்த அந்தச் சின்னத் தையல் கடைக்கு இப்படி ஓர் ஆர்டர் இதுவரை வாசல் ஏறியதில்லை.

"உங்க முதலாளியம்மா என்ன, வெளியவே வர மாட்டாங்களா?"

மேட்ரன் கேட்டது, துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மிஷினில் இருந்த நடுவயதுக்காரியிடம். அந்த மிஷினை விட்டு நகராததால் தெருவே அவளை ஓவர்லாக் அக்கா என்றுதான் கூப்பிடும்.

"ரொம்பக் கூச்ச சுபாவம்," என்றாள் அவள், மிதியிலிருந்து காலை எடுக்காமல். "ஏழு வருஷமா நானும் சொல்லிப் பார்த்துட்டேன். கல்லைக்கூடக் கரைச்சுடலாம்."

திரை விலகியது. "முடியுமாம் மேட்ரனம்மா. ஒன்பதாம் தேதியே குடுத்துடலாமாம்."

மேட்ரன் மேசைமேல் கிடந்த மாதிரிக் கோட்டை எடுத்துத் திருப்பினார். "முதுகுல ரெண்டு மடிப்பு விட்டிருக்கே. நான் கேக்கலியே."

"பிள்ளைங்க குனிஞ்சு படுக்கை விரிக்கணும், நோயாளியைத் தூக்கி உக்கார வைக்கணும். முதுகு இழுத்துப் பிடிச்சா அக்குள்ல தையல் விட்டுடும். மடிப்பு இருந்தா கை தாராளமாப் போகும்." பேசப் பேச அவள் முகம் மலர்ந்தது. "பாக்கெட்டையும் ரெண்டு விரல் கீழ எறக்கியிருக்கு. குனியறப்ப பேனா விழாது."

மேட்ரன் கோட்டை மாட்டிக்கொண்டு, நாற்காலியையே நோயாளியாக நினைத்துக் குனிந்து நிமிர்ந்தார். எதுவும் இழுக்கவில்லை.

"முப்பது வருஷமா கோட்டு போடறேன். இது ஒருத்தருக்கும் தோணினதில்ல. யாரோட யோசனை?"

அவள் வாய் திறந்தது. மூடியது. பிறகு சொன்னாள்: "முதலாளியம்மாவோடதுதான்."

ஓவர்லாக் மிஷின் சட்டென்று நின்றது. ஒரு பெருமூச்சுக்குப் பின் மறுபடியும் ஓடியது.

"அப்ப அவங்களைப் பாக்காம நான் போகப்போறதில்ல," என்று மேட்ரன் உட்கார்ந்தே விட்டார். "போன வருஷம் தைச்ச இடத்துல ஒரே வாரத்துல பட்டன் எல்லாம் கொட்டிப்போச்சு. போய்க் கேட்டா, கடையில இருந்தவங்க 'எங்களுக்குத் தெரியாது, ஓனரைக் கேளுங்க'ன்னு கையை விரிச்சுட்டாங்க. இது என் பொறுப்புன்னு ஒரு ஆள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லணும். அது போதும். உடனே கையெழுத்துப் போட்டுடறேன்."

"அவங்க இப்ப ஜெபத்துல..."

"நல்லதாப் போச்சு. நானும் ஜெபம் பண்றவதான். முடிச்சுட்டே வரட்டும்."

அவள் நான்காவது முறையாக உள்ளே போனாள். திரைக்கு அந்தப் பக்கம் ஒரே குரல் தணிவாக முணுமுணுப்பது கேட்டது. வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கண்ணோரம் ஈரமாக இருந்தது.

"இன்னிக்கு முடியாது மேட்ரனம்மா. மன்னிச்சுக்குங்க."

மேட்ரன் கோட்டைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் மேசைமேல் வைத்தார். கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

"அடுத்த தெருக் கடைக்காரர்கிட்டக் குடுத்துடறேன். வேலை சுமார்தான். ஆனா ஆள் எதிர்ல வந்து நிக்கறார்." வாசல்வரை போனவர் திரும்பினார். "ஏம்மா, எங்க விடுதித் தையல் அறைக்கு வேணும்னா நீ வந்துடேன். முகம் காட்டாத ஒருத்தருக்கு எத்தனை நாள்தான் நீ தூது போயிட்டிருப்ப?"

வண்டி கிளம்பும் சத்தம் தேய்ந்தது.

"வாயத் திறந்திருக்கலாம்ல?" என்றாள் ஓவர்லாக் அக்கா.

"தொண்டை வரைக்கும் வந்துச்சுக்கா. 'இதுக்கெல்லாம் நீ யாரு'ன்னு ஒரு குரல் உள்ள அமுக்கிடுச்சு."

"யாரு, கர்த்தர் சொன்னாராமா அப்படி?"

அவள் யோசித்தாள். "இல்லக்கா. என் குரல்தான். இத்தனை நாளா அதைத் தாழ்மைன்னு நெனச்சு வளர்த்துட்டேன்."

சொன்னவள் மேட்ரனைப் பிடித்துவிடத் தெருவுக்கு ஓடினாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். மேட்ரனின் வண்டி எந்தத் திருப்பத்திலும் இல்லை.

அவள் படியேறும்போதே பின்னால் ஒருவர் மேல்சட்டை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "ஜிப்பு பிஞ்சுபோச்சும்மா. எவ்வளவு ஆகும்னு சீக்கிரம் முதலாளியைக் கேட்டுச் சொல்லு."

பழக்கத்தில் அவள் கால் உள்ளறைப் பக்கம் திரும்பியது. அங்கேயே நின்றது.

"உள்ள யாரும் இல்லண்ணா, எப்பவும் இருந்ததில்ல. நான் முழங்கால் போட்டு ஜெபிக்க ஒரு பாய்தான் கிடக்கு," என்றாள், நூற்றிருபது கோட்டுக்கு வெளிவராத குரலில். "கடை என்னுது."