பதினெட்டாம் வாய்ப்பாடு

"ஏழு புள்ளி அஞ்சு," என்றார் கண்டக்டர்.

"நூத்தி முப்பத்தஞ்சு," என்றாள் அவர் மனைவி.

புதிதாக யாராவது கேட்டால் பேரம் நடக்கிறது என்றுதான் நினைப்பார்கள். அத்தோடு அந்த வீட்டின் அன்றைய பேச்சு முடிந்தது. அவர் பேப்பரைப் பிரித்தார், அவள் அடுப்படிக்குப் போனாள்.

பஸ்ஸை விட்டு இறங்கிப் பல வருடமாகியும் தெரு அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டது. வீட்டில்தான் கூப்பிட ஆளில்லை. ஒரே மகன் இறந்ததிலிருந்து இருவருக்கும் சண்டையுமில்லை, சச்சரவுமில்லை. வாய் மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

துக்கம் கேட்க வந்த நாத்தனார் வெளிநாட்டில் வாங்கிய சுகர் மெஷின் ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அது அந்த நாட்டு அளவில் காட்டும் எண்ணைப் பதினெட்டால் பெருக்கினால்தான் டாக்டர் கேட்கும் எண் கிடைக்கும். "கணக்கெல்லாம் நமக்கு ஆகாது, நீயே பாத்துக்கோ" என்று முதல் நாளே அவர் கைகழுவிவிட்டார்.

அன்று மாலை மெஷின் கண் திறக்கவில்லை. பேட்டரி மாற்றிப் பார்த்தாள். ம்ஹூம். மருந்துக் கடைக்கு எடுத்துப் போனாள்.

"இதோட ஆயுசு முடிஞ்சுதும்மா," என்று கடைக்காரர் புதிதாக ஒன்றை எடுத்து வைத்தார். "இது டாக்டர் சொல்ற கணக்கையே நேரா காட்டும். இனிமே நீங்க மண்டையைப் பிச்சுக்க வேணாம்."

"பழைய மாதிரியே இல்லையா?"

"அந்தத் தலைவலி எதுக்கும்மா?"

புது மெஷினை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மகனுக்காகக்கூட வராத கண்ணீர், போயும் போயும் ஒரு மெஷினுக்காக முட்டிக்கொண்டு வருகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. இனி எண்ணை அவரே பார்த்துக்கொள்வார். அவளிடம் சொல்ல அவருக்கு என்ன இருக்கிறது?

மறுநாள் காலை அவர் விரலில் குத்திக்கொண்டார். முகம் சுளிக்கவில்லை. பின்னால் நின்ற அவளுக்குக் கண்ணாடி போடாமலே தெரியும்படி, திரையில் 171 என்று கொட்டை எழுத்தில் விழுந்தது.

பெருக்க ஒன்றுமில்லை. அவள் அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

"இரு," என்றார். திரையைப் பார்த்தபடி அவர் உதடு சத்தமில்லாமல் கொஞ்ச நேரம் அசைந்தது.

"ஒன்பது புள்ளி அஞ்சு. எவ்வளவு வருது, சொல்லு."